நாலுக்கு ஆறு பாத்ரூமில் எந்த ரேக் தாங்கும்?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, கூடத்துக்கும் பார்ப்பதில்லை. இடம் போதாமல் போனால் கை வைப்பது பாத்ரூமில்தான். நாலுக்கு ஆறு, கொஞ்சம் தாராளமென்றால் ஐந்துக்கு ஏழு. நாலுக்கு ஆறு என்பது 24 சதுர அடி. வெஸ்டர்ன் கிளாசெட் சுவரிலிருந்து இரண்டே கால் அடிக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால் அந்த மூலையே அதற்குப் போய்விடும். 20 லிட்டர் வாளி ஓரடிக்கு மேல் பிடிக்கும். மிச்சம், குளிக்கிறவர் நிற்கும் இடம் மட்டும். தவிர, ஐப்பசி அடைமழையில் ஜலதாரை வழியாகப் பூரானும் தேரையும் ஏறி வரும் ஊரில் தரையில் சாமான் வைப்பதே வம்பு.

ஆகவே எல்லாம் சுவருக்குத்தான் போகவேண்டும். கும்பகோணம் பெரிய தெருவிலும் தஞ்சை கீழவாசலிலும் ஹார்டுவேர் கடை வாசலில் இதற்கென்றே ரேக்குகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆன்லைனில் இன்னும் அதிகம். படத்தில் எல்லாமே பளபளக்கும். பார்க்க வேண்டியது வேறு: உப்புப் போர் தண்ணீர், தரை கழுவும் ஆசிட், பொலபொலக்கும் நாட்டுச் செங்கல் சுவர், இந்த மூன்றையும் சேர்த்துத் தாங்குமா?

முதலில் ஸ்டீல் ரேக். கடைக்காரர் காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டுவார். ஒட்டாது. "பாத்தீங்களா சார், 304" என்பார். 304 என்பது எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். ஆனால் அந்தப் பரீட்சைக்கு அர்த்தமே இல்லை. 304-ம் காந்தத்தில் ஒட்டாது, விலை குறைந்த 202-ம் ஒட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஈரத்திலும் உப்பிலும்தான் குணம் தெரியும். காந்தம் பிடித்து இழுத்தால் அது 430 வகை ஸ்டீலாகவோ முலாம் பூசிய இரும்பாகவோ இருக்கும், அவ்வளவுதான் அந்தச் சோதனை சொல்லும். இன்னொன்றும் உண்டு: நல்ல 304 கம்பியையே மடித்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கலாம். அதை வைத்துக் கடைக்காரரைத் திருடர் என்று சொல்லவும் முடியாது. பிரித்துப் பார்க்க ஒரே எளிய வழி, மாங்கனீஸ் சோதனைச் சொட்டு மருந்து. பழைய ஸ்டீல் எடுக்கும் கடைகளில் வைத்திருப்பார்கள். சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால் 202 சிவக்கும், 304 சிவக்காது. அதற்கு வழியில்லையென்றால் பில்லில் "304" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் பதில் கிடைத்துவிட்டது.

சரி, 304 ரேக்கே வாங்கியாயிற்று. ஆறு மாதத்தில் வெள்ளை டைல்ஸில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு இறங்கும். ரேக் துருப்பிடித்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. கோடு எங்கே தொடங்குகிறது என்று விரலால் மேலே தடவிக்கொண்டே போனால் ஸ்க்ரூ தலையில் போய் நிற்கும். ரேக் 304-தான். அதோடு பிளாஸ்டிக் பையில் வந்த ஸ்க்ரூ, துத்தநாகம் பூசிய சாதா இரும்பு. ஸ்க்ரூடிரைவர் பட்டதும் தலையில் பூச்சு போய்விடும், அங்கிருந்து துரு ஆரம்பம். பெட்டியோடு வரும் ஸ்க்ரூவைப் போட்டே மாட்டாதீர்கள். 8-ஆம் நம்பர், இரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ தனியாகக் கேட்டு வாங்குங்கள். ரேக் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

கம்பி ரேக்கா, தகடு ரேக்கா? கம்பியில் தண்ணீர் தேங்காது, அது நல்லது. ஆனால் கம்பியும் கம்பியும் சேரும் ஒவ்வொரு பற்றவைப்பும் துரு பிடிக்கத் தோதான இடம். மலிவான கார்னர் ரேக்கைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். பற்றவைத்த இடம் கறுத்தோ, முள் முள்ளாகவோ இருந்தால் வேண்டாம். தகடாக இருந்தால் அடியில் ஓட்டைகள் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் கட்டி நின்று வழவழப்பாகும். கறுப்பு நிறக் கம்பி ரேக்குகள் இப்போது அதிகம் வருகின்றன. அவற்றில் பல, இரும்பின் மேல் பெயின்ட். பெயின்ட் ஒரு இடத்தில் பொரிந்தால் உள்ளுக்குள் துரு ஓடும், மேலே தெரியாது. கறுப்பு நிறம்தான் வேண்டுமென்றால் அலுமினிய ரேக் பரவாயில்லை, செந்துரு பிடிக்காது. ஆனால் மெல்லிய தகடாக இருந்தால் ஒரு லிட்டர் ஷாம்பு பாட்டில் இரண்டு வைத்ததும் முன்பக்கம் தலை குனிந்துவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றிலும் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. அங்கே 304-லேயே தேநீர்க் கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள் வரும். மாலிப்டினம் சேர்த்த 316 தாங்கும், ஆனால் பாத்ரூம் ரேக்காக அது கைக்குக் கிடைப்பது அபூர்வம். கடலோரத்தில் ஸ்டீலை விட்டுவிட்டு, கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கோ கல்லுக்கோ போவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டீல் ரேக்கைத் தேய்க்கக் கம்பி நாரைத் தொடவே கூடாது. அதன் துகள்கள் ஸ்டீலில் பதிந்து, அவை துருப்பிடித்து, பழி ரேக் மேல் விழும். சோப்புத் தண்ணீர், துணி, வாரம் ஒருமுறை. அது போதும்.

வாங்கியது நல்ல ரேக்காகவே இருந்தாலும் மாட்டுவதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. "ஃபிட்டிங் ஃப்ரீ" என்று கடையிலிருந்து வருகிறவர்களிடம் உள்ள பெரிய குறை, டிரில்லை எடுத்தவுடன் ஹேமரில், அதாவது அடித்துக்கொண்டே துளைக்கும் முறையில், போடுவது. டைல்ஸ் மேல் சுத்தியல் அடி விழுந்தால் உடனே உடையாது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விட்டு, ரேக்கில் எடை ஏறிய பிறகு மூலைக்கு ஓடும். சரியான முறை இது:

முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் பின்னால் கலவை நிறைந்திருக்கிறது. மண்பானை மாதிரி டொக்கென்று கேட்டால் கொத்தனார் நாலு உருண்டைக் கலவை வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார், அந்த இடத்தில் துளை வேண்டாம். டைல்ஸ் ஓரத்திலிருந்து ஓரங்குலமாவது உள்ளே தள்ளிக் குறியிடுங்கள். குழாய், ஷவர், கீசர், சுவிட்ச் இவற்றுக்கு நேர் மேலும் கீழும், இரண்டு பக்கமும் அரையடி விட்டுவிட வேண்டும். சுவருக்குள் பைப்பும் ஒயரும் பெரும்பாலும் நேர்செங்குத்தாகத்தான் ஓடும். வீடு கட்டும்போது டைல்ஸ் ஒட்டுமுன் சுவரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

குறியின் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, 6 மில்லிமீட்டர் டைல்ஸ் பிட்டை, ஈட்டி முனை இருக்குமே அதை, ஹேமர் இல்லாமல் மெதுவாக ஓட்டவேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் வைர பிட். ஈர ஸ்பாஞ்சு ஒன்றைக் கீழே பிடித்துக்கொண்டால் பிட் சூடாகாது, தூளும் பறக்காது. டைல்ஸ் தாண்டியதும் சாதா கான்கிரீட் பிட்டுக்கு மாறுங்கள். நாட்டுச் செங்கல் என்றால் அப்போதும் ஹேமர் வேண்டாம். துளை வாய் அகன்று, ஸ்க்ரூவைப் பிடிக்க உள்ளே செருகும் பிளாஸ்டிக் பிளக் சுற்றும்.

வெளியே வரும் தூளைப் பாருங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று அதுவே சொல்லும். முதலில் டைல்ஸ் தூள். பிறகு சாம்பல் நிறத்தில் சிமென்ட். அதன் பிறகுதான் செங்கலின் சிவப்பு. டைல்ஸ் 8 மில்லிமீட்டர், அதன் பின்னால் ஒட்டுக்கலவை, அதன் பின்னால் பூச்சு, எல்லாம் சேர்ந்து 35 மில்லிமீட்டர் வரை போகும். பெட்டியில் வரும் ஓரங்குல ஸ்க்ரூ செங்கலைத் தொடுவதே இல்லை. கலவையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. சிவப்புத் தூள் வரும்வரை துளையை விடாதீர்கள். பழைய வீடுகளில் பூச்சு கனமாக இருக்கும், அங்கே இரண்டரை அங்குல ஸ்க்ரூ. தூள் வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தால் அது சுண்ணாம்புச் சாந்து. அந்த இணைப்பில் பிளக் நிற்காது. ஓரிரு அங்குலம் மேலே கீழே நகர்த்திச் செங்கல் நடுவைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது பலரும் தவறவிடுவது. பிளக்கின் தலை டைல்ஸ் மட்டத்தோடு நிற்கக் கூடாது. ஒரு ஆணியால் தட்டி 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ முறுக்க முறுக்க பிளக் விரியும். விரியும் இடம் டைல்ஸின் கனத்துக்குள் இருந்தால் டைல்ஸ் பிளந்துவிடும். செங்கலுக்குள் இருந்தால் இறுகும். பிளக் போடுமுன் துளைக்குள் சிலிகான் சீலன்ட் கொஞ்சம் விட்டால் சுவருக்குள் தண்ணீர் போகாது. சீலன்டில் இரண்டு வகை உண்டு. வினிகர் நெடி அடிப்பது ஸ்டீலுக்கு ஆகாது. "நியூட்ரல்" என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மாட்டி 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. "இப்பவே யூஸ் பண்ணலாம்" என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இடைச்சுவர் நாலரை அங்குலமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: ஆழமாகத் துளைத்தால் அடுத்த அறைப் பூச்சு பொக்கென்று உதிரும். பிட்டில் தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

துளையே போடாத ரேக்குகள்? வெற்றிடக் கிண்ணத்தில் உறிஞ்சி நிற்பவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உப்புப் படிந்த டைல்ஸில் அவை ஒரு வாரம் நின்றால் அதிசயம். கண்ணாடி மாதிரி ஸ்டிக்கரில் ஒட்டும் ரேக் வேறு விஷயம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதுதான் கதி. "10 கிலோ தாங்கும்" என்று அட்டையில் இருப்பது சுவரோடு ஒட்டி நேர்கீழாக இழுக்கும் கணக்கு. தட்டின் முன்விளிம்பில் எடை ஏறும்போது ஸ்டிக்கரின் மேல் ஓரம் உரிகிற மாதிரி இழுபடும். உரித்தல் வேறு, இழுத்தல் வேறு. தோசையைத் திருப்பும்போது ஓரத்தில்தானே கரண்டியை விடுகிறோம், அதே கதை. அட்டையில் போட்டதில் நாலில் ஒரு பங்கு வைப்பதே உசிதம். நாலு அங்குல ஆழத்துக்கு மேல் உள்ள ஒட்டு ரேக் வாங்கவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் வினிகரோ எலுமிச்சையோ தேய்த்து உப்புப் படிமத்தைக் கரைத்து, கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு ஸ்பிரிட்டால் ஒரு துடை. சொரசொரப்பான மேட் டைல்ஸிலும், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேலும் ஒட்டாது. நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை நீவித் தள்ளி, ஒரு நாள் முழுக்க எடை ஏற்றாமல் விடவேண்டும். கார்த்திகையில் ஒட்டினால் சுவர் காய்ந்ததாகத் தோன்றும், காய்ந்திருக்காது. ஹேர் டிரையர் காட்டிவிட்டு ஒட்டுங்கள். எடுக்கும்போதும் அதே டிரையர்தான்: சூடு காட்டி, பின்னால் கெட்டி நூலை விட்டு அறுத்தால் டைல்ஸ் பளபளப்புப் போகாது.

தரையிலிருந்து கூரைவரை ஸ்பிரிங் வைத்து முட்டுக்கொடுத்து நிற்கும் கம்ப ஸ்டாண்டு மூலையில் நாலு தட்டு தருகிறது, துளையும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. நம் பாத்ரூம் தரை ஜலதாரையை நோக்கிச் சரிந்திருக்கும். அடிப்பாதம் அந்தச் சரிவில் மெல்ல நகரும். மேலே பிவிசி ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதை அமுக்கி மேலே தள்ளும், இறுக்கமே வராது. ஆர்சிசி கூரை, சரிவில்லாத மூலை, இரண்டும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கமோடுக்கு மேல் கவிழ்ந்து நிற்கும் மூன்று தட்டு ஃபிரேமும் இதே ரகம். மொத்த அறையிலும் தண்ணீர் தெறிக்கும் நம் குளியலுக்கு அது செய்யப்பட்டதில்லை. நாலு கால்களின் அடியிலும் தண்ணீர் ஏறி, உள்ளிருந்து துருவும். அந்த இடத்தை வீணாக்க மனமில்லையென்றால், ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்க ஓரடி இடைவெளி விட்டு, சுவரில் ஒரே ஒரு தட்டு அடியுங்கள். டிஷ்யூ, நாப்கின், மாற்று சோப்பு அங்கே போகட்டும்.

இனி, எல்லாவற்றிலும் மேலானது. அது பெட்டியில் வருவதில்லை. கிரானைட் துண்டு. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடைகளில் மிச்சத் துண்டுகள் மூலையில் குவிந்திருக்கும். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம், கால் வட்டமாக அறுத்து முன்விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். ஒரு மூலைக்கு இரண்டு துண்டு போதும்: தரையிலிருந்து மூன்றடியில் குழந்தைகளுக்கு, நாலேகால் அடியில் பெரியவர்களுக்கு. கொத்தனார் இரண்டு சுவரிலும் கட்டரால் 10 முதல் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, டைல்ஸ் ஒட்டும் பசையில் செருகுவார். முன்பக்கம் 2 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கவேண்டும், தண்ணீர் நிற்காமல் வழிய. இணைப்பில் சாதா ஒயிட் சிமென்டைவிட எப்பாக்ஸி நல்லது, பாசி எளிதில் பிடிக்காது. ஸ்க்ரூ இல்லை, துரு இல்லை.

அங்கே ஒரு பொறி உண்டு. "கிரானைட் எதுக்குங்க, கடப்பாக் கல்லே போதும், மலிவு" என்று சொல்வார்கள். பீரோவுக்குள் தட்டாக வைக்கக் கடப்பா அருமையான கல். பாத்ரூமில் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல். ஒரு சொட்டு ஆசிட் பட்டால் புஸ்ஸென்று நுரைக்கும், கறுப்பு போய் வெளிறிவிடும். டெல்டா வீட்டில் மாதம் ஒருமுறையாவது ஆசிட் புழங்காத பாத்ரூம் ஏது?

புதிதாகக் கட்டுகிறவர்கள் ரேக்கை மறந்துவிட்டுச் சுவரிலேயே மாடம் விடலாம். பழைய வீடுகளில் விளக்கு வைக்க விட்டிருப்பார்களே, அதே மாடக்குழிதான். ஒன்பது அங்குலச் சுவரில் நாலங்குல ஆழம், ஓரடி அகலம். அடிப்பலகை முன்னோக்கிச் சற்றுச் சரிவு. நாலரை அங்குலச் சுவரில் இதற்கு வழியில்லை. கட்டி முடித்த சுவரை இதற்காக உடைப்பதும் வேண்டாத வேலை.

வாஷ்பேசினுக்கு அடியில் அலமாரி கேட்பவர்களுக்கு: எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை, என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள், ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உப்பும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். ஐஎஸ் 303 போட்ட, ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும் எம்ஆர் வகை இந்த ஈரத்துக்கு இல்லை. கரையான் புழங்கும் வீடென்றால் பிவிசியே நல்லது. அதிலும் இரண்டு ரகம். உள்ளே கூடாக இருக்கும் பேனலில் ஸ்க்ரூ பிடிக்காது. கதவு கீல் மூன்று மாதத்தில் ஆடத் தொடங்கும். 18 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் போர்டு கேளுங்கள், ஓரத்தைப் பார்த்தாலே கூடா கெட்டியா தெரிந்துவிடும். கீல் ஸ்டெயின்லெஸ். அடிப்பாகம் தரையிலிருந்து அரையடி மேலே. பின்பலகை வேண்டாம்: பேசினுக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் ஒழுகினால் கை போகவேண்டும், காற்றும் போகவேண்டும். கண்ணாடி வைத்த சுவர் அலமாரி வாங்கினால் ஆழம் ஐந்து அங்குலத்துக்குள் இருக்கட்டும். பேசினில் குனிந்து நிமிரும்போது நெற்றியில் இடிக்காத ஆழம் அதுதான்.

கதவின் பின்பக்கம் எல்லோரும் மறக்கும் இடம். பிவிசி கதவும் உள்ளே கூடு. ஸ்க்ரூ போட்டால் ஈரத்துண்டின் எடைக்கே பிய்ந்து வரும். மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி வாங்கலாம். வாங்குமுன் கதவை மூடி, மேல் இடுக்கில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் கொக்கி மாட்டிய பிறகு தாழ்ப்பாள் விழாது. கதவுக்கு மேலே பத்தடிக் கூரைவரை மூன்றடி சும்மா கிடக்கும். அங்கே பரண் இருந்தால் மாற்று வாளி, கல்யாணச் சீர் அண்டா எல்லாம் ஏறிவிடும். கீசருக்கு நேர் கீழே மட்டும் எதையும் வைக்காதீர்கள், அதன் வால்வு சுடுதண்ணீரைச் சொட்டும்.

ஆக, நாலுக்கு ஆறுக்கு வாங்கவேண்டியது இவ்வளவுதான்: மூலையில் கிரானைட் தட்டு இரண்டு, கமோடுக்கு மேல் 304 தட்டு ஒன்று, இரண்டடி டவல் ராடு ஒன்று, கதவுக் கொக்கி ஒன்று. தட்டுகளின் ஆழம் ஆறு அங்குலத்தைத் தாண்டினால் முழங்கை இடிக்கும். மூலைத் தட்டுக்கு மட்டும் விலக்கு. வாடகை வீடென்றால் கிரானைட்டுக்குப் பதில் ஒட்டு ரேக் இரண்டு, அதுவும் சீப்பு, பிரஷ், பேஸ்ட் அளவுக்கு மட்டும். சீயக்காய் டப்பாவையும் லிட்டர் பாட்டிலையும் அதில் ஏற்றாதீர்கள்.

ஆசிட் பாட்டிலுக்கு இந்தக் கணக்கில் இடம் ஒதுக்கவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம்; அதிலிருந்து கசியும் ஆவி போதும், மூடிய அலமாரிக்குள் உள்ள கீலையும் பக்கத்து ரேக்கையும் புள்ளி புள்ளியாக அரிக்க. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். பிளீச்சிங் பவுடரும் அதே தட்டில் இருந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஜன்னல் சின்னதாக இருக்கும் அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், கொல்லைப்புறத்தில் வையுங்கள். கழுவி முடித்ததும் ரேக்குக்கும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.